தாழந்திட்டுக்குப் போய் வந்தவள்

மீஞ்சூர் சுகாதார நிலையத்தில் ஆயாவாக இருந்த கோவிந்தம்மா, வருஷா வருஷம் மாசியில் மூன்று நாள் லீவு கேட்பாள். மற்ற ஆயாக்கள் லீவு எடுத்தால் திருப்பதி போவார்கள், இல்லாவிட்டால் மகள் வீட்டுக்குப் போவார்கள். இவள் இரண்டு புடவையைப் பையில் திணித்துக்கொண்டு, திருப்பாலைவனம் வழியாகப் பழவேற்காடு போகிற பஸ்ஸில் தனியாக ஏறிவிடுவாள். அங்கிருந்து பாய் கட்டிய படகில் ஒன்றரை மணி நேரம் போனால் ஏரிக்கு நடுவே தாழந்திட்டு. முப்பது வீடு, கொஞ்சம் பனை, கரை முழுக்கத் தாழம்புதர்.

"அந்தத் தீவுல அப்பிடி இன்னாடி கீது?" என்று கேட்பவர்களிடம், "நண்டு நல்லாக் கெடைக்கும்" என்பாள். அதற்கு மேல் வாய் திறக்கமாட்டாள்.

முதல்முறை அவள் அங்கே போனது எழுபத்து மூன்றில், அம்மை குத்துகிற கோஷ்டியோடு. அவளுடைய வேலை மருந்துப் பெட்டியைத் தூக்கிவருவது. ஏழு வயதில் வந்த பெரியம்மை அவள் முகத்தைக் கொத்திப் போட்டிருந்தது. பெண் பார்க்க மூன்று முறை வந்தார்கள். மூன்றாவதாக வந்தவர்கள் காப்பியைக்கூடத் தொடாமல் எழுந்துபோனார்கள். அதன்பிறகு யாரும் வரவில்லை, அவளும் எதிர்பார்க்கவில்லை.

தீவுக்காரர்கள் ஊசிக்குப் பயந்து கதவைச் சாத்திக்கொண்டார்கள். டாக்டர் தொண்டை வறளப் பேசியும் ஒருவரும் வெளியே வரவில்லை. கடைசியில் வேலம்மா என்ற ஒருத்தி மட்டும் எட்டிப்பார்த்தாள். அவள் பார்வை டாக்டர்மேல் இல்லை, கோவிந்தம்மாவின் முகத்தில் நின்றது. நேரே வந்து இவள் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"ஆத்தா தங்கிட்டுப் போன மொகம்க்கா இது. நீ சொல்லு, குத்திக்கலாமா?"

"குத்திக்க. என்னை மாதிரி ஆவாம இருக்கணும்னுதான் குத்தறது."

வேலம்மா கையை நீட்டினாள். பிறகு ஊரே வரிசையில் நின்றது. கிளம்பும்போது வேலம்மா, "அடுத்த வருசம் சும்மா வாக்கா, ஊசி இல்லாம" என்றாள். பேச்சுக்குச் சொன்னதுதான். ஆனால் கோவிந்தம்மா போனாள்.

போனால் பெரிதாக ஒன்றுமில்லை. வேலம்மாவோடு முழங்கால் தண்ணீரில் நின்று இறால் தடவுவாள். தூரத்தில் பூநாரைகள் கூட்டமாக மேய்வதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். தலையில் முக்காடு இல்லாமல் தெருவில் நடப்பாள். மீஞ்சூரில் அது முடியாது. அங்கே பஸ் ஸ்டாண்டுக்குப் போனாலும் முந்தானை கன்னத்தை மறைக்கும்.

வேலம்மாவின் தம்பி சடையன்தான் பழவேற்காட்டுத் துறைக்கு வந்து அவளைப் படகில் ஏற்றிப்போவான். பெண்டாட்டி காய்ச்சலில் போய்ச் சேர்ந்தவன், பிள்ளைகள் இல்லை. அதிகம் பேசமாட்டான். எழுபத்தெட்டாம் வருஷம் திரும்பக் கொண்டுவிடும்போது, பாதி ஏரியில் வாயைத் திறந்தான்.

"ஒண்ணு கேட்டா கோச்சுக்க மாட்டியே?"

"கேளு."

"இந்த மூணு நாளுன்றது ரொம்பக் கம்மியாக் கீது. வருசம் பூரா இருந்துட்டா இன்னா?"

கோவிந்தம்மாவுக்கு அப்போது முப்பத்தேழு வயது. கையைத் தண்ணீரில் விட்டு அளைந்தாள். கரை தெரிந்த பிறகு, "வூட்ல கேட்டுட்டு அடுத்த மாசிக்குச் சொல்றேன்" என்றாள்.

வீடென்பது அண்ணன் செங்கல்வராயன். அவனும் பெண்டாட்டியைப் பறிகொடுத்தவன். மூன்று பிள்ளைகளையும் கோவிந்தம்மாதான் வளர்த்துக்கொண்டிருந்தாள். அவள் தயங்கித் தயங்கிச் சொன்னதை அவன் சாப்பிட்டுக்கொண்டே கேட்டான்.

"நீ பூட்டா இதுங்களுக்குக் கஞ்சி ஊத்தறது யாரு?"

கடைக்குட்டி அவள் புடவையைப் பிடித்துக்கொண்டு நின்றது. அவள் மறுபடி கேட்கவில்லை.

அடுத்த மாசியில் படகில் ஏறியதுமே சொல்லிவிட்டாள். "அண்ணன் கொயந்தைங்க சின்னதா கீதுங்க." சடையன் "சரி" என்றான். பாய்க்கயிற்றை இழுத்துக் கட்டினான்.

அந்த ஆனியிலேயே செங்கல்வராயன் பொன்னேரியில் பெண் பார்த்து இரண்டாம் கல்யாணம் செய்துகொண்டான். வந்தவள் நல்லவள்தான். பிள்ளைகள் ஒரே மாதத்தில் சித்தி சித்தி என்று ஒட்டிக்கொண்டன. கோவிந்தம்மாவின் டிரங்குப்பெட்டி மட்டும் கூடத்திலிருந்து பின்தாழ்வாரத்துக்குப் போனது.

மறுநாளே பஸ் ஏறியிருக்கலாம். ஏறவில்லை. ஒரு பொம்பளை தானாகப் போய் எந்த வாயால் சொல்வது? மாசி வரட்டும், பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிடலாம் என்று எட்டு மாதத்தைத் தள்ளினாள்.

எண்பதாம் வருஷம் மாசியில் புதுப் புடவை ஒன்று எடுத்துக் கட்டிக்கொண்டு போனாள். வழக்கம்போல் சடையன் துறையில் நின்றான். பஸ்ஸில் மனப்பாடம் செய்துவந்த வார்த்தையை அவள் எடுப்பதற்குள் அவனே ஆரம்பித்தான்.

"தை மாசம் அக்கா ஒரு எடத்துல முடிச்சிட்டா. தோணிரேவுப் பொண்ணு. ராஜம்மான்னு பேரு. உனுக்குச் சேதி அனுப்பணும்னுதான் இருந்தேன்."

"நல்லது" என்றாள் கோவிந்தம்மா. அண்ணன் கல்யாணத்தைப் பற்றி அன்றைக்கும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை.

இனி போகமாட்டாள் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அவளும் அப்படித்தான் நினைத்தாள். ஆனால் மாசி பிறந்ததும் கால் நிற்கவில்லை. மூன்று நாள் முகத்தைத் திறந்து நடக்க அவளுக்கு வேறு இடம் ஏது?

எண்பத்திரண்டில் அவள் அங்கே இருக்கும்போதே ராஜம்மாவுக்கு வலி கண்டது. ஏரியில் தண்ணீர் வற்றி, படகு சேற்றில் தட்டுகிற சமயம். பழவேற்காடு கொண்டுபோக வழியில்லை. பிரசவ வார்டில் எத்தனையோ முறை நின்று பழகிய கோவிந்தம்மாதான் பக்கத்தில் இருந்து பார்த்தாள். விடிகாலையில் தொடங்கிய வலி உச்சிப்பொழுதில்தான் ஓய்ந்தது. பெண் குழந்தை. துடைத்துத் துணியில் சுற்றி வெளியே கொண்டுவந்து சடையன் கையில் கொடுத்தாள். அவன் குழந்தையைப் பார்த்தான், பிறகு அவளைப் பார்த்தான். ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் அவள், "வெந்நி கொதிக்குது" என்று உள்ளே போய்விட்டாள்.

எண்பத்து நாலு ஐப்பசியில் பெரும்புயல் வந்தது. எட்டு நாள் கழித்து மீன் கூடையோடு மீஞ்சூர் வந்த ஒருவர்தான் அவளிடம் சேதி சொன்னார். வலையை அவிழ்த்துவரப் போன சடையன் திரும்பவில்லையாம். மூன்றாம் நாள் முகத்துவாரத்துக்கு அந்தப் பக்கம் உடம்பு ஒதுங்கியதாம். கோவிந்தம்மா லீவுகூட எழுதிக் கொடுக்காமல் பஸ் ஏறினாள்.

தீவில் பாதி வீட்டுக்குக் கூரை இல்லை. சடையன் வீட்டு வாசலில் பெண்கள் ஒருவர் தோளை ஒருவர் பிடித்து உட்கார்ந்து ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தார்கள். கோவிந்தம்மா எட்டத்தில் பனைமரத்தடியில் நின்றாள். அந்த வட்டத்தில் உட்கார அவளுக்கு என்ன முறை? அக்காளா, தங்கையா? ராஜம்மா அவளைப் பார்த்துவிட்டாள். எழுந்துவந்து கையைப் பிடித்து இழுத்துப்போய்த் தன் பக்கத்திலேயே உட்காரவைத்தாள். அதற்குப் பிறகுதான் கோவிந்தம்மாவுக்கு அழுகை வந்தது.

சாயங்காலம் இருவரும் மட்டும் இருக்கும்போது ராஜம்மா சொன்னாள். "மாசி வந்தா ரெண்டு நாளு முன்னியே படகைக் கழுவ ஆரமிச்சிருவாரு. எனுக்குத் தெரியும்க்கா. நான் ஒண்ணியும் கேக்கல."

கோவிந்தம்மா தலையைக் குனிந்துகொண்டாள். "எங்கண்ணன் கல்யாணம் பண்ணிக்கினத அவராண்ட நான் சொல்லவேயில்ல."

"அவருக்குத் தெரியும். எங்களுக்குக் கல்யாணமாயி மூணாம் மாசம், சித்திரையிலயே மீஞ்சூர் மீன் யாவாரி சொல்லிட்டாரு. அன்னிக்கு நம்ம பாடு, ஏரியில நம்ம மொறை. வலை கட்டப் போவாமக் கரையிலயே குந்திகினு இருந்தாரு. இன்னா ஒடம்புக்குன்னு கேட்டேன். ஒண்ணியும் இல்லன்னாரு."

நாலு வருஷமாக அவன் தெரிந்துகொண்டே துறைக்கு வந்திருக்கிறான், தெரியாதவன்போலப் பாய்க்கயிற்றைப் பிடித்திருக்கிறான். உள்ளே குழந்தை விழித்து அழுதது. ராஜம்மா எழவில்லை. கோவிந்தம்மாதான் போய்த் தூக்கிவந்தாள்.

கருமாதி முடிந்ததும் ராஜம்மா குழந்தையோடு தோணிரேவுக்குத் தாய்வீடு போய்விட்டாள்.

அடுத்த மாசியில் கோவிந்தம்மா பழவேற்காட்டுத் துறையில் இறங்கியபோது அவளுக்காக யாரும் நிற்கவில்லை. வெயிலில் வெகுநேரம் காத்திருந்து, தெரியாத படகு ஒன்றில் ஏறினாள். கோலை ஊன்றிக்கொண்டே படகுக்காரர் கேட்டார்.

"திட்டுல யாரு வூட்டுக்கும்மா?"

அவள் பையை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்சம் யோசித்தாள்.

"வேலம்மா வூட்டுக்கு" என்றாள்.