பொதுமக்களுக்கான பத்து நிமிடம்

டோர்வல் விமான நிலையச் சமையற்கூடத்தில் றெஜினாவின் வேலை ஆறு மணிக்குத்தான் முடியும். தன் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில், பள்ளி விட்டபின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் சேவையை நிறுத்தப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டவள், லீவு போட்டுவிட்டுப் பள்ளி நிர்வாகக் குழுக் கூட்டத்துக்குப் போனாள். எங்கேயும் வெறுங்கையோடு போய்ப் பழக்கமில்லாததால் மீன் ரோல்ஸ் பொரித்துக்கொண்டு போனாள்.

பொதுமக்கள் கேள்வி கேட்கப் பத்து நிமிடம் இருந்தது. சூடு ஆறுமுன் எல்லோருக்கும் கொடுக்கும்படி தலைவி சிரித்துக்கொண்டே சொன்னாள். றெஜினா தட்டோடு மேசையைச் சுற்றி வருவதற்குள் அந்த நேரம் முடிந்துவிட்டது. வாக்கெடுப்பில், வாய் நிறைய ரோல்ஸோடு குழுவினர் எல்லோரும் கையுயர்த்தினார்கள். சேவை நின்றது.

வீட்டில் கணவன் டெனிஸ்டன், "கேள்வி கேட்டனியே?" என்றான்.

"நான் கேக்கேல்லை. அவைதான் கேட்டவை, அடுத்த கூட்டத்துக்கும் ரோல்ஸ் கொண்டு வருவியளோ எண்டு."