மாங்குளம் பஸ்ஸில் மரியாம்பிள்ளை அண்ணை

இந்த நேரத்தில் எழுதுவதற்குக் குறை நினையாதேங்கோ. மகன் இப்பதான் கண்ணயர்ந்தான். எனக்கு நித்திரை வரவில்லை.

மரியாம்பிள்ளை அண்ணை மோசம் போய்விட்டார். எங்கள் மாங்குளம்–முல்லைத்தீவு பஸ் கொண்டக்டர். இந்த ஊர் ஊராய்த் திரிகிற காய்ச்சல்தான்...

பின்னேரம் பஸ் ஏறினால் புதுசாய் ஒருவர் டிக்கட் கிழித்துக்கொண்டு நிற்கிறார். கேட்டேன். டிரைவர் திரும்பிப் பாராமலே, "முந்தநாள் அடக்கம் முடிஞ்சுது, தங்கச்சி" என்றார்.

என்னோடு ஹொஸ்டலில் ஒரே அறையில் கிடந்த உங்கள் மூன்று பேருக்கும் அவரைத் தெரியாது. ஆனாலும் வேறு யாருக்கு எழுத?

காய்ச்சல் தொடங்கியதும் ஆஸ்பத்திரி டொக்டர் ஐயா பஸ்ஸில் ஒரு நோட்டீஸ் ஒட்டுவித்தார். ஏறுகிறவர்கள் வாயையும் மூக்கையும் துணியால் மூட வேண்டும். காய்ச்சல், இருமல் உள்ளவர்களை ஏற்றக்கூடாது.

பெண்களுக்குக் கரைச்சல் இல்லை, முந்தானை இருந்தது. கடற்கரைப் பெண்கள் பூசைக்குப் போடுகிற முக்காட்டையே இழுத்துவிட்டார்கள். ஆம்பிளைகள்தான் மாட்டோம் என்று நின்றார்கள்.

இங்கே வாய் பொத்துவது கூலிக்காரன் வயல் வைத்திருக்கிற கமக்காரனுக்கு முன்னால் செய்கிற காரியம். உங்களுக்குத் தெரியும்தானே.

முன் சீட்டில் ஒரு கமக்காரர். தோளில் சால்வை. "நான் ஆருக்கடா வாய் பொத்துறது? கடற்கரையாலை வந்த நீ எனக்குச் சொல்லுறியோ?"

அண்ணை டிக்கட்டைக் கிழித்து அவரிடம் நீட்டினார்.

"எனக்குப் பொத்த வேண்டாம், ஐயா. களத்திலை சூடடிக்கேக்கை தூசுக்கு மூஞ்சையைச் சுத்திக் கட்டுவியளெல்லே... அப்பிடிக் கட்டுங்கோ. உங்கடை மூக்குப்பொடியிலையிருந்து நாங்களும் தப்புவம்."

பின்னுக்கு ஒருவர் சிரித்தார். பிறகு பஸ்ஸே சிரித்தது. கமக்காரர் முறைத்துக்கொண்டே சால்வையைப் பிடரியில் முடிந்தார்.

அடுத்த கிழமை பார்த்தால் அத்தனை ஆம்பிளைகளும் நேரே களத்திலிருந்து எழும்பி வந்தவர்கள் மாதிரி...

வெற்றிலை போடுகிற ஆச்சியோடு அண்ணைக்கு ஒவ்வொரு நாளும் இழுபறி. "வீட்டை போய்ச் சப்புங்கோவன், ஆச்சி."

"அதுக்கிடையிலை வாய் செத்துப்போம், மோனை."

"வாய் மட்டும் செத்தால் பரவாயில்லை."

இதையெல்லாம் ஏன் சுற்றி வளைக்கிறேன்... சொல்ல வந்தது வேறு.

இரண்டு கிழமைக்கு முன் அம்மா வீட்டிலிருந்து ரயிலில் வந்து மாங்குளத்தில் இறங்கினேன். தனிய. மகனுக்கு உடம்பு கொதித்தது. ரயிலிலேயே இருமத் தொடங்கிவிட்டான்.

அன்றைக்கு அதுதான் கடைசி பஸ்.

"பிள்ளைக்குக் காய்ச்சலோ, தங்கச்சி?"

"இல்லை அண்ணை. பல்லு முளைக்குது."

படித்தவள் நான். நோட்டீஸைப் பார்த்துக்கொண்டேதான் அதைச் சொன்னேன்.

"பல்லெண்டால் ஏறுங்கோ. என்ரை கடைசிப் பிள்ளைக்கும் உப்பிடித்தான் சுட்டது."

பஸ் நிறையத் துணி கட்டிய முகங்கள். கண்கள் மட்டும். மகன் வீரிட்டுக் கத்தினான். என் கைக்குள் நிற்கவில்லை.

மரியாம்பிள்ளை அண்ணை கிட்ட வந்து, தன் துணியை நாடிக்குக் கீழே இறக்கினார். "இஞ்சை பார் ராசா... நான் பேயில்லை, மரியாம்பிள்ளை."

மகன் கத்துவதை விட்டான். பிறகு சிரித்தான். சிரிப்போடு சேர்த்து இருமினான், நேரே அவர் முகத்தில்.

புறங்கையால் துடைத்தார். "எனக்கே டிக்கட் தாறான், கள்ளன்" என்றார்.

நான் இறங்குமட்டும் அந்தத் துணியை அவர் திரும்ப ஏற்றவில்லை, பிள்ளை பயப்படுவான் என்று. நான் வாய் திறக்கவில்லை.

மகன் ஐந்தாம் நாள் எழும்பி விளையாடினான்.

அண்ணை படுத்தது எங்களை ஏற்றி நாலாம் நாளாம். இன்றைக்கு டிரைவர்தான் சொன்னார். மூன்று பிள்ளைகளாம். கடைசிக்கு இப்ப சுடுகிறதாம்.

அண்ணை, உங்களுக்கு நான் பொய் சொன்னனான். போயிட்டு வாங்கோ.

நேசம், எங்கள் நாலு பேரில் நீதான் நேர்ஸாக இருக்கிறாய், உனக்குத் தெரியும். ஒருவரிடமிருந்து மற்றவருக்கு இது தொற்ற எத்தனை நாள் எடுக்கும்? நாலு நாள் காணுமோ? மறைக்காமல் எழுது. அவருடைய மனைவியிடம் நான் போய்ச் சொல்ல வேணுமோ, விட வேணுமோ... இங்கே இவரிடம் கூட இன்னும் சொல்லவில்லை.

கெதியாய்ப் பதில் போடு.