பாதி ஷட்டர்

எல்லைப்புற ஆயுதக் குழுக்களின் அரசியலை ஏழு வருடம் ஆராய்ந்து பட்டம் வாங்கியவள் நான். அதில் ஒரு பக்கத்தைக்கூட என் கணவர் படித்ததில்லை. மணிப்பூருக்குப் போய் நாலு பேரிடம் பேசிவிட்டு வருகிறேன் என்று நான் கிளம்பியபோது, "கிரீன் கார்டு ப்ராசஸ்ல இருக்கு. இப்ப வெளிய போனா அங்கயே மாட்டிக்குவ" என்று தடுத்தவரும் அவர்தான். நானும் பயந்துகொண்டு இங்கே பிஸ்கட்டவே ஊர் லைப்ரரியிலேயே குடியிருந்து எழுதி முடித்தேன்.

போன மாதம் நண்பர் வீட்டில் ஞாயிறு மதியம், ஆளுக்கொன்று சமைத்துக் கொண்டுபோகும் பாட்லக் விருந்து. புதிதாகக் குடிவந்த ஒரு பெண் அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸ் செய்து எடுத்து வந்திருந்தாள். பர்மாவிலிருந்து திரும்பி, மணிப்பூர் எல்லையிலேயே தங்கிவிட்ட தமிழ்க் குடும்பமாம். அங்கேயே பிறந்து வளர்ந்தவளாம். எனக்கு அப்போதே வயிறு எரிய ஆரம்பித்துவிட்டது.

"ஆகஸ்ட் பதினஞ்சு வந்தா கடைய மூடுன்னு இயக்கத்துல சொல்லுவாங்க. திறன்னு ஆர்மில சொல்லுவாங்க. எங்கப்பா ஷட்டர பாதி எறக்கிட்டு உள்ள உக்காந்துருப்பார். இவங்க கேட்டா மூடிட்டேன். அவங்க கேட்டா திறந்துட்டேன்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் மேடையில் பேசினால் இரண்டாவது ஸ்லைடிலேயே தூங்கிவிடுகிற என் கணவர், தட்டைக் கையில் பிடித்தபடி சாப்பிட மறந்து நின்றார். என் மூன்றாவது அத்தியாயம் முழுக்க இதுதான். 'இரட்டை அதிகாரம்' என்று தலைப்பு வைத்து நாற்பது பக்கம் இழுத்திருக்கிறேன். இவள் பாதி ஷட்டரில் முடித்துவிட்டாள்.

"ஒரு வருஷம் அது பலிக்கல. வந்து அப்பா கால்லயே சுட்டுட்டாங்க" என்றாள். எந்த வருடம் என்று கேட்டேன். வருடத்தையும் சொன்னாள், சுட்ட இயக்கத்தின் பெயரையும் சொன்னாள். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க வேண்டும்.

"அந்த வருஷம் அவங்க அந்த ஊர்லயே இல்லையே. அது வேற குழுவா இருக்கும்."

அவள் கோபப்படவில்லை. "இருக்கலாம்க்கா. மூஞ்சில துணி கட்டிருந்தாங்க. எங்கப்பாவும் யாருன்னு கேக்கல."

என் கணவர் அவளுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். எனக்கு வெட்கம் வந்திருக்க வேண்டும், அது வீட்டுக்குப் போன பிறகுதான் வந்தது. முதலில் வந்தது பொறாமை. அந்த நாற்காலி மேல், அந்த ஊர் மேல், சொல்லவே கூசுகிறது, அவள் அப்பா காலில் பாய்ந்த அந்தக் குண்டின் மேலும்கூட.

திரும்பும்போது காரில் அவர் ஆற மாட்டாமல் சொன்னார்: "என்னமா சொல்றாங்க! நீ இதப் பத்தி எழுதிருக்கலாமே."

"எழுதிருக்கேன்" என்றேன். "போய்த்தான் பார்க்கல."