டில்லியின் ஷேர் ஆட்டோப் படை

கம்ப்யூட்டரைக்கூடச் சமாளித்துவிடலாம், அதன் முன்னால் உட்காருகிறவர்களைச் சமாளிப்பதுதான் பேஜார் என்பது பிரவுசிங் சென்டர் நடத்தியவர்களுக்குத் தெரியும். செங்கல்பட்டு ஸ்டேஷன் பக்கம் நான் சென்டர் வைத்திருந்தபோது, ஒரு போர் விளையாட்டைப் போட்டுவிட்டுப் பட்ட பாட்டைக் கேளுங்கள். அதில் ஒருவர் நகர்த்தி முடித்த பிறகுதான் அடுத்தவர் நகர்த்த முடியும். படை, ராஜாவின் முகம், சட்டதிட்டம் எல்லாவற்றையும் நம் இஷ்டத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். வினையே அங்கேதான்.

யானைக்குப் பதில்

ஆட்டோ ஓட்டுகிற டில்லிக்கு யானைப்படை பிடிக்கவில்லை. "ரொம்ப மெதுவா போவுதுக்கா" என்றான். யானையை எடுத்துவிட்டு ஷேர் ஆட்டோ படத்தைப் போட்டுக் கொடுத்தேன். ஒரு வண்டியில் எத்தனை வீரர்கள் என்ற இடத்தில் அவன் தட்டிய எண்ணைப் பார்த்து, "இவ்ளோ பேர் எப்படிப்பா உட்காருவாங்க?" என்று கேட்டேன்.

"உக்காரத்துக்கு இன்னா கீது, தொங்கிகினு வருவாங்கோ!"

சாரின் முறை

டில்லியின் எதிராளி, சனிக்கிழமைதோறும் அணுபுரத்திலிருந்து பஸ் ஏறி வரும் ரங்கநாதன் சார். ஒரு சிப்பாயை நகர்த்துவதற்குள் கண்ணாடியைத் துடைப்பார், விட்டத்தைப் பார்ப்பார், பெருமூச்சு விடுவார். ஒருநாள் டில்லி எழுந்துபோய், சிங்கப்பெருமாள் கோயிலுக்கு ஒரு சவாரி போய்விட்டே திரும்பினான். சார் அதே சிப்பாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவசரமே இல்ல சார், மகாபலிபுரத்துக்கு ஒரு சவாரி கீது, அதையும் உட்டுட்டு வந்துர்றேன்!"

எதிரி ராஜா

டில்லி படையின் ராஜாவுக்கு, தன் ஆபீஸ் மேலதிகாரியின் முகத்தை ஒட்டிவைத்திருந்தார் சார். குரூப் போட்டோவிலிருந்து வெட்டியது. போதாக்குறைக்குக் கழுதைமேல் வேறு ஏற்றியிருந்தார். பிரமோஷன் இன்டர்வியூ நெருங்கியிருந்த நேரம். மகளின் ரிசல்ட் பார்க்க அந்த மேலதிகாரியே ஒரு சனிக்கிழமை உள்ளே வந்து நின்றார். சாருக்கு முகம் வெளிறிவிட்டது. ஸ்விட்சை அணைக்க ஓடினேன். "இருக்கா, என் டர்ன் முடியல!" என்று டில்லி கையை நீட்டி மறித்தான்.

மேலதிகாரி குனிந்து திரையையே பார்த்தார். பிறகு டில்லியிடம், "எந்தப் பக்கம் ஜெயிக்குது?" என்றார்.

"உங்க பக்கந்தான் சார்!"

மேலதிகாரி என் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"தோத்திருந்தாதான் எனக்குக் கோபம் வந்திருக்கும், ரங்கநாதன், கழுதையை மட்டும் எடுத்துட்டு ஒரு குதிரை போடுங்க."

சாருக்குப் பிரமோஷன் கிடைத்தது, மேலதிகாரிக்குக் குதிரை கிடைத்தது, சனிக்கிழமைகளில் என் சொந்தக் கடையில் எனக்குத்தான் உட்கார இடம் கிடைக்கவில்லை.