கூடார ஆஸ்பத்திரியில் ஒரு நல்ல சேதி

கதிர் அறுக்கும் இயந்திரத்தோடு ஊர் ஊராகப் போகிறவன் நான். நன்னிலம் பக்கம் வேலை வந்தால் எனக்குச் சாப்பாடு ஒரு முன்னாள் ராணுவ வீரன் வீட்டில்தான். மீன் குழம்பை ஊற்றி அவன் சோற்றை அள்ளும் வேகத்தைப் பார்த்தால், அந்த வயிற்றை ஒரு கூடாரத்துக்குள் வைத்துத் தைத்தார்கள் என்று யாரும் நம்பமாட்டார்கள். நான் நம்புவேன். அன்றைக்கு அங்கே ரத்தம் துடைத்தவன் நான்தான்.

ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டு, லாரி லாரியாகத் தொற்றி வடக்கே போய், எல்லைப்புற மலையில் ராணுவத்துக்கு மூட்டை தூக்கும் கூலியானேன். கூடார ஆஸ்பத்திரி இடம் மாறும்போதெல்லாம் ஆபரேஷன் மேசை, ஜெனரேட்டர், சிலிண்டர் எல்லாவற்றையும் ஏற்றி இறக்குவோம். மற்ற நேரத்தில் தரை துடைப்போம். குளிரில் துணி விறைத்துவிடும். வெந்நீரில் முக்கி முக்கித் துடைக்க வேண்டும். சோறு வேளாவேளைக்கு வந்தது. எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது.

இந்த நன்னிலத்துக்காரனை ஸ்ட்ரெச்சரில் கொண்டுவந்தபோது குண்டுச் சிதறல் குடலைக் கிழித்திருந்தது. டாக்டர் கெட்ட பகுதியை வெட்டி எடுத்து, மிச்சத்தை இணைத்துத் தைத்தார். இனி வாயு பிரிந்தால் குடல் வேலை செய்கிறது என்று அர்த்தம், பிழைத்துக்கொள்வான். பிரியாவிட்டால் வயிற்றை மறுபடி திறக்க வேண்டும். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாமென்றால் மூடுபனியில் ஹெலிகாப்டர் வரவில்லை. வயிறு உப்பிக்கொண்டே போனது.

இந்தி அவனுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஆனால் நர்ஸம்மா நிற்கும்போது இந்த விஷயத்துக்கு வாய் திறக்கமாட்டான். அதனால் என்னைக் கேட்கச் சொன்னார்கள்.

"என்னப்பா, ஏதாச்சும் பிரிஞ்சுதா?"

"சும்மா இருங்கண்ணே. அந்தம்மா நிக்கிறாங்க."

"அவங்களுக்கென்ன தமிழா தெரியும்?"

"நீங்க கேக்குற மூஞ்சியப் பாத்தாலே தெரிஞ்சிடும்."

மறுநாள் காலையில் வாளியோடு போன என்னைக் கண்ணைக் காட்டிக் கூப்பிட்டான். "அண்ணே, மடை தொறந்துடுச்சு."

வாய்க்கால் தண்ணீரை வயலுக்கு விடும் வழியைத்தான் எங்கள் பக்கத்தில் மடை என்போம். எனக்கு உடனே புரிந்தது. வாளியை வைத்துவிட்டு ஓடி, "திறந்துகொண்டது சாப், திறந்துகொண்டது!" என்று எனக்குத் தெரிந்த இந்தியில் டாக்டரிடம் கத்தினேன்.

தையல்தான் பிரிந்துவிட்டது என்று நினைத்து, டாக்டர் குடித்துக்கொண்டிருந்த டீயை அப்படியே வைத்துவிட்டு ஓடினார். பின்னாலேயே நர்ஸம்மா. கட்டைப் பிரித்துப் பார்த்தால் தையல் வைத்தது வைத்தபடி இருந்தது.

"அவங்ககிட்ட என்னண்ணே சொன்னீங்க?"

"நீ சொன்னதத்தான்."

"நாசமாப் போச்சு."

டாக்டர் என்னை முறைத்தார். நான் விளக்கத் திணறுவதற்குள் அவன் குடலே விளக்கிவிட்டது, நல்ல சத்தத்தோடு. நர்ஸம்மா வெளியே போய்ச் சிரித்தார். டாக்டர் மட்டும் சிரிக்காமல் வயிற்றில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து வெகுநேரம் கேட்டார். பிறகு நிமிர்ந்து, அவனுக்கு ஒரு ஸ்பூன் வெந்நீர் கொடுக்கச் சொன்னார். கொடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினான்.

"இன்னொரு ஸ்பூன் கேளுங்கண்ணே."

"நீயே கேளு. என் இந்தியத்தான் பாத்தியே."