தங்கையின் பூட்டிய கோப்புகள்

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். இது எனக்கு நடந்தது. பைபிள் மேல் கை வைத்துச் சொல்லச் சொன்னால் சொல்வேன். கூடவே என் இடது கட்டைவிரலில் இருக்கும் தழும்பையும் காட்டுவேன். அதற்கு மேல் என்னிடம் சாட்சி கிடையாது.

என் பெயர் செமிசி. தோங்காவில், நுகுஅலோஃபா சந்தைக்குப் பின்னால் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். ஊரில் யார் பாஸ்வேர்டை மறந்தாலும் என்னிடம் வந்துதான் தலையைச் சொறிவார்கள். அப்படிப்பட்ட நான் ஒரு வருடமாக ஒரே ஒரு கம்ப்யூட்டரை மட்டும் தொடவில்லை. அது என் தங்கை மெலெயானேயுடையது.

எங்களில் அண்ணனுக்கும் தங்கைக்கும் நடுவே ஒரு கோடு உண்டு. பத்து வயது வரை ஒரே பாயில் உருளலாம். அப்புறம் தங்கையின் அறைக்குள் அண்ணன் கால் வைக்கக் கூடாது. அவள் பொருளைத் தொடக் கூடாது. அது அவளுக்குத் தரும் மரியாதை.

போன வருடம் ஒரு வியாழக்கிழமை. மாலை 4.40. அம்மா பாட்டுப் பயிற்சிக்காக சர்ச்சுக்குப் போயிருந்தாள். நான் கூடத்தில் உட்கார்ந்து மரவள்ளிக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன். அறைக்குள் மெலெயானே பாடிக்கொண்டிருந்தாள். திடீரென்று பாட்டு நின்றது. இருமல் கேட்டது. அப்புறம் சுவரில் தட்டும் சத்தம்.

டக்... டக்... டக்.

அவளுக்கு ஆஸ்துமா. எனக்கு அது நன்றாகத் தெரியும். கதவருகே போனேன். கைப்பிடியில் கை வைத்தேன். பூட்டியிருக்கவில்லை. ஆனாலும் திறக்கவில்லை. அம்மாவைக் கூட்டிவர ஓடினேன். நாங்கள் திரும்பி வரப் பதினைந்து நிமிடம் ஆனது. அம்மா மட்டும் உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் அம்மா மடியிலேயே மெலெயானேயின் மூச்சு நின்றுவிட்டது.

"நீ பண்ணதுதான்டா முறை" என்று எல்லோரும் என் முதுகில் தட்டிக்கொடுத்தார்கள். ஒவ்வொரு தட்டும் எனக்கு அறைபோல விழுந்தது. உயிர் போகிற நேரத்தில் எவனாவது முறை பார்ப்பானா? நான் கதவைத் திறந்திருந்தால் ஒருவர்கூடத் திட்டியிருக்க மாட்டார்கள். எனக்குப் பயம். முறையைச் சாக்காக வைத்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

ஒரு வருட ஜெபம் நெருங்கியது. துக்கத்துக்குக் கட்டிய இடுப்புப் பாயோடு அம்மா கடைக்கே வந்துவிட்டாள். கையில் அந்தப் பழைய கம்ப்யூட்டர்.

"அவ பாட்டெல்லாம் இதுக்குள்ளதான்டா இருக்கு. ஞாயித்துக்கெழம அவ குரல ஒரே ஒரு தடவ கேக்கணும்."

"நான் தொடக் கூடாதேம்மா..."

"உன்ன யாரு தொடச் சொன்னா? ஃபெலெத்திகிட்ட குடு."

ஃபெலெத்தி என் கடையில் வேலை பார்ப்பவன், சிநேகிதன். ஒரு வாரம் முட்டி மோதினான். சனிக்கிழமை மதியம் கையை விரித்துவிட்டான்.

"உன் தங்கச்சி பேங்க் லாக்கர் மாதிரி பூட்டி வெச்சிருக்குடா. ஹார்ட் டிஸ்க் வேற கெழவன் மாதிரி இருமுது. காப்பியும் எடுக்க முடியல. இன்னும் ரெண்டு தடவ சுத்துனா அதிகம். எனக்கு ரக்பி மேட்ச் இருக்கு, ஆள விடு சாமி."

அவன் போய்விட்டான். மறுநாள் ஜெபம். அம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்வது?

ஷட்டரைப் பாதி இறக்கினேன். மணி 3.50. மனசுக்குள் தங்கையிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றினேன். தகடு விரலைக் கிழித்துவிட்டது. கட்டைவிரலில் குறுக்காக ஒரு வெட்டு. ரத்தம் நிற்கவே இல்லை. தொட்டதற்குத் தண்டனை என்று நினைத்துக்கொண்டேன்.

வயரைச் சரியாகச் செருகிவிட்டு ஆன் செய்தேன். டிஸ்க் சுற்றியது.

டக்... டக்... டக். நின்றது.

டக்... டக்... டக்.

கெட்டுப்போன டிஸ்க் அப்படித்தான் தட்டும். எத்தனையோ பார்த்திருக்கிறேன். ஆனால் மூன்று தட்டி, ஒரு மூச்சு நிறுத்தி, மறுபடி மூன்று தட்டுகிற டிஸ்க்கை நான் பார்த்ததில்லை.

திரை வந்தது. மூலையில் தேதியைப் பார்த்தேன். உள் பேட்டரி செத்துப்போனால் தேதி ஏதோ பழைய காலத்துக்குப் போய்விடும். அது சகஜம்.

இது போன வருடத்து அந்த வியாழக்கிழமையைக் காட்டியது. மாலை 4.31.

சுவரைப் பார்த்தேன். என் கடைக் கடிகாரத்திலும் 4.31.

பூட்டிய ஃபோல்டர் கடவுச்சொல் கேட்டது. ஃபெலெத்தி போடாத வார்த்தை ஒன்றுதான் பாக்கி. அவனுக்கு அது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. என் காது பெரிதாக இருக்கும் என்று, ஒரே பாயில் படுத்த காலத்தில் மெலெயானே என்னை வௌவால் என்பாள். எங்கள் பேச்சில் பெக்கா. பத்து வயதுக்குப் பிறகு அவள் அப்படிக் கூப்பிட்டதே இல்லை.

பெக்கா என்று அடித்தேன்.

திறந்துகொண்டது.

எனக்கு அழுகை வந்துவிட்டது. உள்ளே அவள் பாடிய பாட்டுகள் வரிசையாக இருந்தன. அவசரமாக அத்தனையையும் பென்டிரைவில் ஏற்றினேன். கடைசியாக இருந்த ஒன்று மட்டும் ஏறவில்லை. அதன் தேதி... அந்த வியாழக்கிழமை.

அதைக் கேட்கக் கூடாது என்று தெரியும். கேட்டேன். மணி 4.35.

அவள் பாடுகிறாள். ஐந்து நிமிடம். இருமல். மேசை நகரும் சத்தம்.

டக்... டக்... டக்.

காலடி. என் காலடி. என் குரல்.

"மெலெ? என்ன ஆச்சு?"

வீசிங் சத்தம் மட்டும். கைப்பிடி லேசாகக் கிறீச்சிட்டது.

"இரு, அம்மாவக் கூட்டிட்டு வந்துடறேன்!"

ஓடினேன். நான் ஓடுவதை நானே கேட்டேன்.

அப்புறம் அவள் மூச்சு மட்டும்தான்... இழுத்து... இழுத்து...

என்னால் தாங்க முடியவில்லை. ரத்தம் வடிகிற கையைப் பெட்டியின் மேல் வைத்து வாய்விட்டுக் கத்தினேன்.

"மெலெ, நான் வந்துட்டேன். பயப்படாத. கையப் புடிச்சுக்கோ."

கடைக்குள் யாரும் இல்லை. மேலே ஃபேன் மட்டும். அதன் ஒரு இறக்கை வளைந்திருக்கும். சுற்றும்போது கட... கட... என்று இடிக்கும்.

பதிவில் கைப்பிடி திரும்பியது.

கதவு திறந்தது.

ஒரு குரல்.

"மெலெ, நான் வந்துட்டேன். பயப்படாத. கையப் புடிச்சுக்கோ."

என் குரல்.

அதற்குப் பின்னால்... கட... கட... கட...

எங்கள் வீட்டில் ஃபேனே கிடையாது.

அவள் மூச்சு கொஞ்சம் அடங்கியது. ஒரே ஒரு வார்த்தை சொன்னாள்.

"பெக்கா..."

டிஸ்க் நின்றது. மணி 4.52. அதற்குப் பிறகு அது சுற்றவே இல்லை.

விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அம்மாவுக்குப் பாட்டைப் போட்டுக் காட்டினேன். இரண்டு தடவை கேட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"ஒரு வருசமா இத உன்கிட்ட கேக்கல. ஊரு என்னத்தையாவது பேசும்னு வாயத் தொறக்கல. அன்னிக்கு அவ சொல்லிட்டுத்தான் போனா. நீ உள்ள போயிருக்க. கையப் புடிச்சிருக்க."



"கனவு கண்டிருப்பாம்மா..."

"கனவா?"

அம்மா எழுந்து போனாள். அலமாரியிலிருந்து ஒரு தலையணை உறையைக் கொண்டுவந்து என் முன்னால் விரித்தாள். மெலெயானே கடைசியாகத் தலை வைத்திருந்த உறை. துவைக்காமல் வைத்திருக்கிறாள். ஓரத்தில் ஒரு ரத்தக் கறை, காய்ந்து கறுத்துப்போய்.

பெரிய கட்டைவிரல் ரேகை. குறுக்கே ஒரு வெட்டு.

அன்று அவள் உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. என் விரலில் வெட்டு விழுந்து மூன்று மணி நேரம்கூட ஆகவில்லை.

துணி சுற்றிய கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

"சொல்லுடா. போனியா இல்லியா?"

"போனேம்மா" என்றேன்.

அது பொய்யா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.