தோளில் தொங்கிய முன்சக்கரம்

காய்ந்த உளுந்துச் செடி டயரடியில் நொறுங்கும் சத்தம் கேட்டால், இன்றும் என் கை தானாக இடது தோளைத் தடவிப் பார்க்கும். ஷமீமாவின் ஸ்பேர் வீல் தொங்கிய இடம் அது.

முதுநகர்க்காரி ஷமீமா சைக்கிள் ரேஸ் ஓட்டுகிறவள். அவளுக்குப் பல வருஷம் நான்தான் மெக்கானிக். ரேஸ் நாளில் பைக்கின் பின் சீட்டில், ஒரு முன்சக்கரத்தோடு அவள் பின்னாலேயே போவேன். எதிர்க்காற்று வந்தால் மற்றவர்கள் அதோடு சண்டை போடுவார்கள். இவள் குனிந்து, அதனிடம் ஏதோ பேசி, வழி வாங்கிக்கொள்வாள்.

அன்று தேசியப் போட்டிக்கான தேர்வு ரேஸ். இருந்தது ஒரே இடம். முப்பதைத் தொட்டுவிட்ட அவளுக்கு அதுவே கடைசி வாய்ப்பு. சிதம்பரம் தாண்டி கீரப்பாளையம் சாலையில் முன்னால் இரண்டு பேர்தான்: இவளும், ஓசூரிலிருந்து வந்த திவ்யாவும். மற்றவர்கள் வெகுதூரம் பின்னால்.

ஒரு வளைவு தாண்டியதும் ரோடு முழுக்க உளுந்து. வண்டிகள் ஏறி மிதிக்கட்டும் என்று பரப்பியிருந்தார்கள். எங்கள் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும்: உளுந்து மேல் பிரேக்கைத் தொடக்கூடாது, ஹேண்டிலைத் திருப்பக்கூடாது, வந்த வேகத்தில் நேராக விட்டுவிட வேண்டும். ஷமீமா அப்படியே போய்விட்டாள். திவ்யா பிரேக் பிடித்தாள். சைக்கிள் படுத்துவிட்டது. முன்சக்கரம் நெளிந்து கிடந்தது. ஸ்பேர் வீலோடு வர வேண்டிய அவளுடைய வேன் கண்ணுக்கெட்டிய தூரத்தில் இல்லை.

"மிதிம்மா, மிதி!" என்று கத்தினேன்.

ஷமீமா நின்றுவிட்டாள்.

"மாமா, அந்த வீல அவளுக்குப் போடு."

"லூசா நீ? பஞ்சரானா இன்னா பண்ணுவ?"

"உருட்டிக்கினு வரேன். நம்ம ஊரு உளுந்துதான தள்ளிவுட்டுச்சி? வந்த பொண்ண விழவச்சிட்டு ஓடுனா அது இன்னா ரேசு?"

கூட வந்த நடுவர் சரியென்று தலையாட்டினார். திட்டிக்கொண்டே மாட்டினேன். முழங்காலில் ரத்தத்தோடு திவ்யா ஏறினாள்.

கடைசி நேர்ரோட்டில் தோளோடு தோள். அப்படி ஒரு ஸ்பிரிண்டை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. அரைச் சக்கர இடைவெளியில் திவ்யா ஜெயித்தாள். அந்த அரைச் சக்கரமும் எங்களுடையது.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: ஸ்பேர் வீலைச் சுமப்பது மெக்கானிக். அது யாருக்கு என்று சொல்ல வேண்டியது ரைடர்.

சாயங்காலம் சிதம்பரம் ரயில்வே ஸ்டேஷனில், திவ்யா வீலைக் கழற்றக் குனிந்தாள்.

"அக்கா, இந்தாங்க, உங்களுது."

ஷமீமாவின் கண் சிவந்திருந்தது. ஆனாலும் சிரித்தாள்.

"கழட்டாத. அந்த வீலாவது நேஷனல்ஸ் பாக்கட்டும். ஜெயிச்சா வச்சிக்க. தோத்தா மட்டும் கொண்டாந்து குடு."